18 வயது நிரம்பாதவர்களோடு களப்பணி: முதல்முறை இறங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வேட்டுக்காக மாதக்கணக்கில் ஒரு தெருவிலோ பள்ளியிலோ விடுதியிலோ இருந்து, அங்குள்ள பிள்ளைகளோடு பழகி எழுதப் போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கி வரும் ஆய்வுக்கு இதில் பாதி தேவைப்படாது. இனவரைவியல் களப்பணியில் நாம் அவர்கள் கூடவே இருக்கிறோம். மைதான ஓரத்தில் உட்காருகிறோம், வீட்டில் டீ குடிக்கிறோம், சண்டையைப் பார்க்கிறோம், காதல் கதைகளைக் கேட்கிறோம். நமக்கு அந்தப் பழக்கம்தான் தரவு. பிள்ளைக்கோ நாம் ஓர் அக்கா, ஓர் அண்ணன். சில வாரங்களில் நாம் ஆய்வாளர் என்பதே அவர்களுக்கு மறந்துவிடும். நாம் மறக்கக் கூடாது. கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அதற்காகத்தான்.

நான் சென்னைப் புறநகரில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளோடு களப்பணி செய்தவள். அனுமதிக் கடிதத்துக்காக அலைந்ததும், படிவங்களைத் திரும்பத் திரும்ப எழுதியதும், யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றதும் உண்டு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். இதில் உள்ளது தமிழ்நாட்டு நிலவரம்.

1. அனுமதி, ஒப்புதல், சம்மதம்: மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்

அனுமதி என்பது இடத்துக்குப் பொறுப்பானவர் தருவது. தலைமையாசிரியர், விடுதிக் காப்பாளர், விளையாட்டுப் பயிற்சியாளர், தொண்டு நிறுவனம் எல்லாம் இதில் அடங்கும். ஒப்புதல், பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ எழுத்தில் தருவது. சம்மதம், பிள்ளை தருவது. ஒன்று கிடைத்ததால் மற்றது கிடைத்ததாக ஆகாது.

பெரும்பாலானோர் சறுக்குவது முதலாவதில். தலைமையாசிரியர் கடிதம் கொடுத்துவிட்டு, "ஒன்பதாம் வகுப்பு பி செக்‌ஷன் முழுக்க உங்களுக்குத்தான்" என்பார். அன்போடுதான் சொல்வார். ஆனால் வகுப்பறையில் ஆசிரியர் நிற்கும்போது "யாருக்கு இஷ்டமில்லை, கை தூக்குங்க" என்றால் எந்தப் பிள்ளை கை தூக்கும்? வகுப்பில் அறிமுகம் மட்டும் செய்யுங்கள். பெயர் கொடுப்பதை மறுநாள், ஆசிரியர் இல்லாத இடத்தில், பிள்ளைகள் தாங்களாக வந்து சொல்லும்படி வையுங்கள். எண்ணிக்கை குறையும், பரவாயில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கானவை. ஆனாலும் நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்கள் பெரும்பாலும் அதையே அளவுகோலாக வைத்திருக்கின்றன. அதன்படி 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதம் போதும், பெற்றோர் முன்னிலையில் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். 12 முதல் 18 வரை எளிய மொழியில் எழுதிய சம்மதப் படிவம் வேண்டும். இரண்டிலுமே பெற்றோர் ஒப்புதல் தனியாக உண்டு. ஆபத்து மிகக் குறைந்த ஆய்வுக்கு ஒரு பெற்றோரின் கையெழுத்து போதும்.

களப்பணி நடக்கும்போதே ஒரு பிள்ளைக்கு 18 நிரம்பினால் அவரிடம் வயது வந்தவராகப் புதிய ஒப்புதல் வாங்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறந்த தேதிகளை முதலிலேயே குறித்து வைத்துக்கொண்டால் தவறாது.

2. நெறிமுறைக் குழுவுக்கு மனு

களத்துக்குப் போய்த் தரவு எடுத்த பிறகு முன்தேதியிட்டு ஒப்புதல் தர மாட்டார்கள். இடம் பார்க்க, ஆட்களை அறிமுகம் செய்துகொள்ளப் போகலாம். அந்த நாட்களில் பிள்ளைகள் சொன்னதைத் தரவாக எழுதாதீர்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியலுக்கென்று தனிக் குழு இல்லாமல் இருக்கலாம். நெறியாளரிடமும் பதிவாளர் அலுவலகத்திலும் கேளுங்கள். குழுவே இல்லாத நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் குழுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மனுவை அங்கே அனுப்ப வழி இருக்கிறது. இதற்கு நிறுவனத் தலைவரின் கையெழுத்து தேவைப்படும் என்பதால் நேரம் கூடும்.

கொண்டுபோக வேண்டியவை: நெறியாளர் கையொப்பமிட்ட ஆய்வு முன்மொழிவு, நேர்காணலுக்கான கேள்விகள், தகவல் தாள், பெற்றோர் ஒப்புதல் படிவம், வயதுக்கேற்ற பிள்ளை சம்மதப் படிவங்கள், புகைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் தனிப் படிவம், இவற்றின் தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும், உங்கள் தன்விவரக் குறிப்பு, களத்துப் பொறுப்பாளரின் கடிதம். இவற்றோடு, ஒரு பிள்ளை பேசும்போது உடைந்து அழுதாலோ ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தாலோ நீங்கள் என்ன செய்வீர்கள், யாரை அழைப்பீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். என் மனு அந்தப் பக்கம் கேட்டுத்தான் முதலில் திரும்பி வந்தது. கேட்டது மிகச் சரி என்று களத்தில் புரிந்தது.

இங்கே ஒரு முட்டுச்சந்து உண்டு. குழு பள்ளியின் கடிதத்தைக் கேட்கும், பள்ளி குழுவின் கடிதத்தைக் கேட்கும். "நெறிமுறைக் குழுவின் இறுதி ஒப்புதலுக்கு உட்பட்டு ஆய்வை அனுமதிக்க ஆட்சேபணை இல்லை" என்ற ஒரு வரியோடு பள்ளியிடம் முதலில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதை வைத்துக் குழுவில் மனுவை நகர்த்தலாம்.

18 வயதுக்குக் கீழ் என்றாலே முழுக்குழுக் கூட்டத்துக்குப் போகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கூட்டம் எப்போது, மனு எத்தனை நாள் முன்பு சேர வேண்டும் என்று உறுப்பினர் செயலரின் அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான். குழு திருத்தம் கேட்பது வழக்கம், கலங்காதீர்கள்.

3. பள்ளி, விடுதி, முகாம்: யாரிடம் போவது

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரின் வாய்வார்த்தை போதாது. முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள், அதாவது எழுத்து ஆணை, வேண்டும். பல மாவட்டங்களில் ஆய்வு என்றால் சென்னையில் பள்ளிக் கல்வி இயக்குநரகத்தின் கடிதத்தை வாங்கி வரச் சொல்வார்கள். எதிலிருந்து தொடங்குவது என்று முதன்மைக் கல்வி அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். ஆதி திராவிடர் நலத் துறையின் விடுதி என்றால் மாவட்ட ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றால் மறுவாழ்வுத் துறையின் அனுமதியும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும். குழந்தைகள் இல்லங்களுக்குக் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை (முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை).

மனுவோடு பல்கலைக்கழகத்தின் போனஃபைடு சான்றிதழ், நெறியாளரின் பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை நகல், ஆய்வுச் சுருக்கம் தமிழில் ஒரு பக்கம், கேள்விகளின் பட்டியல் வையுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சரிபார்ப்புச் சான்றையும் வாங்கி இணைத்துவிடுங்கள். அது கட்டாயம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு வெளியாள் ஒருவர் வரும்போது அதைக் கேட்கும் உரிமை அந்த ஊருக்கு இருக்கிறது. கேட்காமலே கொடுப்பது மரியாதை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

மனு கொடுத்த அன்றே நகலில் அலுவலக முத்திரையும் உள்வரு எண்ணும் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது "எந்த மனு?" என்பார்கள். ந.க. எண் (கோப்பு எண்) விழுந்த பிறகு எந்தப் பிரிவில், எந்த எழுத்தரிடம் கோப்பு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அவரையே பாருங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பள்ளி நாட்காட்டியைப் பார்த்துத் தேதி கேளுங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் ஏப்ரலில் பொதுத்தேர்வு. ஜூலையும் ஆகஸ்டும்தான் நிதானமாகப் பழகக் கிடைக்கும் மாதங்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருக்கும் பிள்ளைகளை ஜனவரிக்குப் பிறகு தொந்தரவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நெறிமுறைக் குழுவுக்கு மனு போட்ட நாளிலிருந்து களத்தில் முதல் நாள் வரை ஆறு மாதம் ஒதுக்கி வையுங்கள்.

4. படிவத்தைப் பேசுகிற தமிழில் எழுதுங்கள்

"இவ்வாய்வில் தங்களது தன்னார்வப் பங்கேற்பு முற்றிலும் விருப்பத்தின்பாற்பட்டது" என்று ஒரு மாதிரிப் படிவம் எல்லாத் துறைகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாம்: "நான் காலேஜ்ல படிக்கிறேன். உங்க ஏரியாவுல பசங்க எப்படி நாளக் கழிக்கிறாங்கன்னு எழுதப்போறேன். நீ பேசலாம், பேசாமலும் இருக்கலாம். பாதியில வேணாம்னு சொல்லிட்டா ஏன்னு கேக்க மாட்டேன். இதனால மார்க்கு கூடாது, கொறையவும் கொறையாது."

எழுதிய படிவத்தை அந்த வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம், ஆய்வில் சேராதவர்களாகப் பார்த்து, வாசிக்கக் கொடுங்கள். வாசித்த பிறகு "இதுல என்ன சொல்லியிருக்கு, நீ சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும் வாக்கியங்கள் பெரும்பாலும் நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கும். அவற்றையே படிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் இதுதான். வீட்டு வேலைக்கோ மூட்டை தூக்கவோ போய்விட்டு இரவு எட்டு மணிக்கு வருகிறவரிடம் மூன்று பக்கத்தை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். "பள்ளிக்கூடத்துலேருந்து வந்த பேப்பர்" என்று நினைத்துத்தான் போடுவார். உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க, கைநாட்டு வாங்குங்கள். ஒரு நகல் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் எண்ணும் நெறியாளரின் எண்ணும் நெறிமுறைக் குழுவின் எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

பிள்ளைக்குப் பெற்றோரே ஆபத்து, அல்லது ஆய்வுப் பொருளே பெற்றோருக்குத் தெரிந்தால் பிள்ளைக்கு அடி விழும் என்ற நிலையும் உண்டு. அப்போது பெற்றோர் ஒப்புதலிலிருந்து விலக்கு கேட்டு நெறிமுறைக் குழுவுக்குக் காரணத்தோடு எழுதலாம். முடிவு குழுவுடையது. நீங்களாக விலக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்து ஒருநாள் வேலை. சம்மதம் ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டியது. பிள்ளைகள் "வேண்டாம்" என்று வாயால் சொல்ல மாட்டார்கள், பெரியவர்களிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. "நாளைக்கு வரேன்க்கா" என்பார்கள், வர மாட்டார்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்வார்கள். போனை எடுத்துப் பார்ப்பார்கள். நண்பனை இழுத்து நடுவில் உட்கார வைப்பார்கள். இதெல்லாம் மறுப்புதான். அப்படிப் பார்த்தால் அன்று விட்டுவிடுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே என்றால், "இனிமே உன்கிட்ட இதப் பத்திக் கேக்க மாட்டேன், சும்மா பேசலாம்" என்று நீங்களே வாசலைத் திறந்துவிடுங்கள். நான் குறிப்பேட்டை வெளியே எடுப்பதையே அடையாளமாக வைத்திருந்தேன். நோட்டு கையில் இருந்தால் எழுதுகிறேன் என்று பொருள். "அக்கா, நோட்ட மூடு" என்று சொல்லப் பிள்ளைகள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். சொன்னபடி மூடினேன்.

5. எதை மறைக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள்

இந்த ஒரு படியைத்தான் இரண்டு முறை படிக்கச் சொல்வேன்.

"நீ என்ன சொன்னாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சட்டப்படி அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ யாராக இருந்தாலும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. ஆய்வாளருக்கு விதிவிலக்கு கிடையாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் பாயாது என்ற பாதுகாப்பும் அதே 19-ஆம் பிரிவில் இருக்கிறது.

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு ஆய்வாளரிடம் பிள்ளை சொன்னதற்கு நம் நாட்டில் இல்லை. உங்கள் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லி ஆணை வந்தால் கொடுத்தாக வேண்டிய நிலை வரலாம்.

ஆகவே முதல் நாள் பேச்சில் இது இருக்கட்டும்: "நீ சொல்றத உன் பேரு போடாமத்தான் எழுதுவேன். வீட்லயோ ஸ்கூல்லயோ போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா உன்கிட்டயோ வேற ஒரு பிள்ளைகிட்டயோ யாராவது தப்பா நடந்துக்கிட்டாலோ, உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணுனாலோ அத நான் எனக்குள்ளயே வச்சுக்க முடியாது. யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இப்படிச் சொன்னால் பிள்ளைகள் பேச மாட்டார்கள் என்று பயப்படாதீர்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கிறது.

மிகச் சிக்கலானது பதின்பருவக் காதல். 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் விரும்பி உறவு கொண்டாலும் சட்டத்தின் முன் அது குற்றம்தான். அந்த வயதில் சம்மதம் செல்லாது. 16 வயதுக்கு மேல் விருப்பத்தோடு நடக்கும் உறவைச் சட்டத்திலிருந்து விலக்குவது பற்றி யோசிக்கலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2019-ல் சொன்னது. 2021-ல் இப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்தும் செய்தது. ஆனாலும் புகார் வந்தால் அந்தப் பையன் கைதாவான், பெண்ணின் படிப்பு நிற்கும், வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். காதலிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது எந்தப் பிரிவிலும் வராது. உங்கள் ஆய்வுக் கேள்விக்குத் தேவையில்லாதபோது "அப்புறம் என்ன ஆச்சு" என்று துருவாதீர்கள். பேச்சு அந்தப் பக்கம் போனால், "இதுக்கு மேல சொல்றதுக்கு முன்னாடி நான் மொதல்ல சொன்னது ஞாபகம் இருக்கா?" என்று நிறுத்துங்கள்.

கொடுமை நடக்கிறது என்ற சந்தேகம் இருக்கும்போது இதையே சாக்காக வைத்துக் காதை மூடிக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்று களத்தில் நின்று தனியாக முடிவெடுக்காதீர்கள். குழந்தைகள் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரையும் ஒரு மனநல ஆலோசகரையும் களத்துக்குப் போகும் முன்பே பார்த்துப் பேசி வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே ஆலோசனை கிடைக்கும், எண் 15100.

ஒரு பிள்ளை கொடுமையைச் சொல்லிவிட்டால்: அதற்கு மேல் கேள்வி கேட்காதீர்கள், விசாரிப்பது உங்கள் வேலை அன்று. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அது ஓடுவதைச் சொல்லி, பிள்ளையைக் கேட்டு நிறுத்துங்கள். நம்புகிறேன் என்று சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் எழுத்தில் போகட்டும், நகல் உங்களிடம் இருக்கட்டும். நெறியாளருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவியுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணையும் குழந்தைகள் நலக் குழுவின் முகவரியையும் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

குழந்தைத் திருமணம் பற்றித் தெரிந்தாலும் 1098தான். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். வேலைக்குப் போகும் பிள்ளைகள் விஷயத்தில் வயதைப் பாருங்கள்: 14-க்குக் கீழ் என்றால், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, தடை. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் தடை.

6. பழக்கத்துக்கு எல்லை

எழுதி வைத்துக்கொண்டு போங்கள். களத்தில் அன்பு மிகுந்த நேரத்தில் யோசிக்க வராது.

மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக உட்காராதீர்கள். மற்றவர்கள் பார்க்கலாம், ஆனால் கேட்க முடியாது என்ற இடமாகப் பாருங்கள். மைதானத்துப் படிக்கட்டு, மொட்டை மாடியின் திறந்த பக்கம், நூலகத்துத் திண்ணை. பிள்ளையின் பாதுகாப்பும் உங்கள் பாதுகாப்பும் இதில்தான் இருக்கின்றன. பெற்றோருக்குத் தெரியாமல் பைக்கில் ஏற்றிப் போகாதீர்கள். ஊருக்கு வெளியே எங்கும் கூட்டிப் போகாதீர்கள்.

களப்பணிக்கென்று தனி சிம், தனி வாட்ஸ்அப். உங்கள் சொந்த இன்ஸ்டாகிராம் கணக்கில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம். அவர்கள் போடும் ஸ்டேட்டஸும் ஸ்டோரியும் உங்களுக்குக் காட்டப்படுவதால் மட்டும் தரவாகிவிடாது. எழுத வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எழுதுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பதில் அனுப்புவதில்லை என்று சொல்லிவிடுங்கள். ஆபத்து என்றால் மட்டும் அழைக்கலாம். "செத்துரலாம்போல இருக்குக்கா" என்று நள்ளிரவில் வரும் செய்தி உண்மையில் வரும். அழைத்துப் பேசுங்கள், பக்கத்தில் இருக்கும் பெரியவர் யாரையாவது எழுப்பச் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ இணைத்துவிடுங்கள். ஆலோசகரின் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆய்வாளருக்கு 24 வயது, பிள்ளைக்கு 17 என்றால் ஈர்ப்பு வரக்கூடும். பிள்ளைக்கு வந்தால் அவமானப்படுத்தாமல், தெளிவாக, சிரிக்காமல் மறுத்துவிட்டு நெறியாளரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வந்தால் அந்தப் பிள்ளையோடு களப்பணியை நிறுத்துங்கள். அவருக்கு 18 நிரம்பிவிட்டது என்பதால் இது மாறாது. பலத்தில் நீங்கள் மேலே இருக்கிறீர்கள்.

பணம் கடன் கேட்பார்கள். பரீட்சைக் கட்டணம், போன் ரீசார்ஜ், அம்மாவுக்கு மருந்து என்று காரணங்கள் உண்மையாகவே இருக்கும். ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் மறுநாள் தெருவுக்கே தெரியும், கொடுக்காதவர்களிடம் நீங்கள் வாங்கிய சம்மதமும் அன்றோடு மாறிவிடும். மருத்துவ அவசரத்துக்கு மட்டும் உதவுவது, மற்றவற்றுக்கு அரசு உதவித் திட்டம் எது என்று கண்டுபிடித்து விண்ணப்பிக்கக் கூடப் போவது என்று நான் வைத்துக்கொண்டேன். உங்களுடையது வேறாக இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

7. பெரியவர்களுக்கு ஒற்றராக மாறாதீர்கள்

"எங்க பசங்கள்ல யாரு கூல் லிப் போடுறான், உங்களுக்குத் தெரியும்ல" என்று, வாயில் அடக்கும் புகையிலையைப் பற்றி, ஆசிரியர் கேட்பார். "என் பொண்ணு யார்கூடப் பேசுறா?" என்று அம்மா கேட்பார். பயிற்சியாளரும் கேட்பார், வார்டு கவுன்சிலரும் கேட்பார். அனுமதி கொடுத்தவர்கள் கேட்கும்போது மறுப்பது சங்கடம். அதனால் அனுமதிக் கடிதத்திலேயே, "பிள்ளைகள் தனித்தனியாகச் சொல்வது பள்ளியோடு பகிரப்படாது, சட்டப்படி தெரிவிக்க வேண்டியவை உரிய அலுவலர்களுக்குத் தெரிவிக்கப்படும்" என்று எழுதி வாங்குங்கள். கேட்கும்போது அந்த வரியைக் காட்டலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 17 வயது மாணவர் ஒருவர், சக மாணவர்கள் சாதியின் பெயரால் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்னார். அதன் பிறகு அவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார், தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டார். பிள்ளை சொன்ன ஒரு வார்த்தை யார் காதுக்கு எப்படிப் போகிறது என்பது உயிர் விஷயமாக மாறக்கூடிய ஊர்களில்தான் நாம் வேலை செய்கிறோம். ஒருவன் சொன்னதை வைத்து இன்னொருவனிடம் கேள்வி கேட்காதீர்கள். சாதியைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். ஆய்வுக்குத் தேவை என்றால் வீட்டில், பெற்றோரிடம், தனியாகக் கேளுங்கள்.

8. குறிப்பேடும் பெயர்களும்

உண்மைப் பெயரையும் புனைபெயரையும் இணைக்கும் பட்டியல் ஒன்றே ஒன்று, காகிதத்தில், பூட்டிய பெட்டியில். களத்துக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். நோட்டில் முதல் நாளிலிருந்தே புனைபெயர்தான். நோட்டு பேருந்தில் தொலையும், யாராவது எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள். ஒலிப்பதிவை அன்றைக்கே கடவுச்சொல் போட்ட வட்டுக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்தும் அதன் கூகுள் சேமிப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள். அந்தத் தானியங்கிச் சேமிப்பைப் பலர் கவனிப்பதே இல்லை.

புனைபெயரைப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்ல வழக்கம், மகிழ்ச்சியோடு செய்வார்கள். ஆனால் தெருவே அறிந்த பட்டப்பெயரைச் சிலர் சொல்வார்கள், அதை ஏற்காதீர்கள். சாதியையோ மதத்தையோ காட்டும் பெயரை வேறொன்றாக மாற்றும்போது வாசகர் தவறாகப் புரிந்துகொள்ளும் அளவுக்கும் மாற்றாதீர்கள்.

பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. "மாவட்டக் கால்பந்து அணியில் ஆடும் பதினோராம் வகுப்புப் பெண், அம்மா பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் வேலை" என்று எழுதினால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு விவரங்களை மாற்றுங்கள், அல்லது இரண்டு பேரை ஒருவராக்குங்கள், அப்படிச் செய்ததை ஆய்வேட்டில் சொல்லுங்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற சென்னை மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் முகவரிகளை வேலை தேடும் இளைஞர்கள் மறைக்க வேண்டியிருக்கிறது. ஊரின் பெயரை எழுதுவதா என்பதும் அங்குள்ளவர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

போக்சோ வழக்கில் தொடர்புள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி குற்றம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் பெயர், முகவரி, பள்ளி உட்பட அடையாளம் காட்டும் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. கருத்தரங்கில் காட்டும் புகைப்படமும் வெளியீடுதான்.

9. செலவு

40 பிள்ளைகள், மூன்று பக்கப் படிவம், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் என்றால் 480 பக்கம். நகலெடுக்க ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். தமிழ், ஆங்கில மொழிபெயர்ப்பையும் அதைச் சரிபார்ப்பதையும் வெளியில் கொடுத்தால் அதுதான் பெரிய செலவு. நெறிமுறைக் குழுவின் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். உதவித்தொகை இல்லாத மாணவர் என்று எழுதித் தள்ளுபடி கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. தனி சிம், கடவுச்சொல் வட்டு, பூட்டுப்பெட்டி, அலுவலகங்களுக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பணம் தர வேண்டாம். குழுவாக உட்காரும்போது எல்லோருக்கும் டீ, வடை, பழம். முடிவில் நோட்டு, பேனா போல ஒரு சிறு பொருள், பாதியில் விலகியவருக்கும் சேர்த்து. பெற்றோர் நேர்காணலுக்காக அரைநாள் கூலியை இழந்தால் அதை ஈடு செய்யுங்கள். தொகையை முன்பே நெறிமுறைக் குழுவில் சொல்லியிருக்க வேண்டும்.

10. கிளம்புவது

எப்போது போவீர்கள் என்று வந்த நாளே சொல்லுங்கள். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நினைவுபடுத்துங்கள். வீட்டில் ஏற்கனவே யாரோ சொல்லாமல் போனவர்களைப் பார்த்த பிள்ளைகள் பலர் இருப்பார்கள். அவர்களிடம் தேதி சொல்லாமல் மறைவது கொடுமை. "அடிக்கடி வருவேன்" என்று சொல்லாதீர்கள். வர முடிந்த ஒரு நாளைச் சொல்லுங்கள், அன்று போங்கள்.

எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆங்கில ஆய்வேட்டை நீட்டிப் பயனில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் அவர் சொன்னதாக வரும் பகுதிகளைத் தனியாக, தமிழில் வாசித்துக் காட்டி, "இது இருக்கலாமா?" என்று கேளுங்கள். பதினான்கு வயதில் பெருமையாகச் சொன்னதைப் பதினாறில் எடுக்கச் சொல்வார்கள். எடுத்துவிடுங்கள், அத்தியாயம் மெலிந்தாலும் சரி.

இதை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே செய்ய வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற பொது இணையதளத்தில் ஏறுகின்றன. அங்கே போன பிறகு அதே பிள்ளை, அவருடைய எதிர்கால முதலாளி, அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் வீட்டார் என யாரும் தேடிப் படிக்கலாம். பெயர்ப் பட்டியலை எப்போது அழிப்பீர்கள் என்று நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கொடுத்த தேதியில் அழித்துவிட்டு, ஆய்வு நிறைவு அறிக்கையை அனுப்புங்கள். களப்பணி எண்ணை இன்னும் ஓராண்டு ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். யாராவது அழைப்பார்கள்.